சனிக்கிழமை வகுப்பும் மஞ்சள் காமாலையும்

இப்போது நினைத்தால் அந்தச் சனிக்கிழமை மதியங்கள் எல்லாம் ஒரே மதியமாகத்தான் தெரிகின்றன. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை. மின்விசிறி சுற்றுகிறதா, நாம் சுற்றுகிறோமா என்று சந்தேகம் வரும். விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டே இருக்கும். கொட்டகைக்குள் வக்கீல்கள் கண்ணைத் திறந்தபடி தூங்குவார்கள். எங்கள் தொழிலில் சீக்கிரம் கைவருகிற கலை அது.

வக்கீல்களுக்கான அந்தத் தொடர் வகுப்பை நடத்தியவள் நான்தான். சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, பட்டம் வாங்கிய அன்றோடு படிப்பை மூட்டை கட்டிவிட்டால் எப்படி என்று ஆரம்பித்தது. சிட்டியிலிருந்து பெரிய பெரிய ஆட்களைக் கூட்டிவந்து பேச வைத்தேன். வந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, போண்டா தின்றுவிட்டு, நைசாகப் படியிறங்கினார்கள். அதனால் முடிவில் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுத்தேன். ஐம்பது வயது வக்கீல்கள் "உள்ளேன் மேடம்" என்று ராகம் போட்டார்கள். அப்படியும் இருபது பேர் ஒன்பது பேரானார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, என்னைத் தவிர எல்லார் மேலும்.

அப்போது என் கட்சிக்காரர்களில் ஒருவர், கடலோரக் குப்பத்திலிருந்து வந்து கிழக்குத் தாம்பரத்தில் மீன் விற்றவர். என்னைவிட மூத்தவர், அக்கா என்பேன். கணவர் இறந்த பிறகு, அவர் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தான். அந்த வீட்டை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கோர்ட் வராந்தாவிலேயே கொழுந்தனோடு சண்டைக்கு நின்றுவிடுவாரோ என்று பயந்து, "கோர்ட்ல யார் கூப்பிட்டாலும் நீங்க வாயே திறக்கக் கூடாது, எல்லாம் நான் பேசிக்கிறேன்" என்று கண்டித்துச் சொல்லியிருந்தேன்.

விசாரணை நாள், பொங்கல் முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பும் நாளாக வந்து வாய்த்தது. நான் குடியிருந்த கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் போயிருக்கலாம். ஸ்டேஷன் வரை நடக்கச் சோம்பலாக இருந்ததால் பஸ் ஏறினேன். பெருங்களத்தூரில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. ஜன்னலோரம், இளம் வெயில், யார் கையிலோ இருந்த கரும்பின் வாசனை. கண்ணசந்தேன். கனவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். விழித்தபோது கண்டக்டர் "தாம்பரம், தாம்பரம்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கோர்ட்டுக்குள் ஓடினேன். டவாலி வாசலில் வந்து மூன்று முறை பெயர் கூப்பிடுவார். யாரும் பதில் சொல்லாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது எதிராளி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு. அது நடந்து முடிந்திருந்தது. அக்கா தூணோரம் பெருமையாக நின்றிருந்தார்.

"இன்னாம்மா இவ்ளோ லேட்டு? மூணு தபா கூப்ட்டாங்க. நீ சொன்ன மாதிரியே நான் வாயே தொறக்கல!"

வீடு போய்விட்டது என்று அவரிடம் எப்படிச் சொன்னேன் என்பது இன்றுவரை ஞாபகம் வரவில்லை. அவர் அழாமல் என்னைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய முப்பது நாளுக்குள் மனுப் போடலாம். வராமல் போனதற்குக் காரணம் எழுத வேண்டும். எங்கள் மனுக்களில் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் மஞ்சள் காமாலைதான் வரும். எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அக்காவுக்கும் அதையே டைப் அடித்து, கையெழுத்து வாங்கச் சனிக்கிழமை கொட்டகைக்கே வரச் சொன்னேன். ஒன்பது வக்கீல்கள் முன்னால் படித்துக் காட்டினேன்.

"எனக்கு எங்கம்மா காமாலை வந்துச்சு? நான்தான் தூணாண்ட நின்னுகினு இருந்தேனே. அத்த எழுது. நீ இன்னாத்துக்கு லேட்டா வந்தே, அத்தயும் எழுது."

ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டார்கள். "பஸ்ல தூங்கிட்டேன்" என்றேன். காது சுட்டது.

"மேடம், அதெல்லாம் எழுதினா கோர்ட்ல உங்க மானம் போயிடும். காமாலையே இருக்கட்டும்" என்றார் மூத்த வக்கீல் ஒருவர்.

"சார், இவங்க நின்னதை டவாலியே பார்த்திருப்பாரு. பொய்னு தெரிஞ்சா வீடே போயிடும்" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி.

அன்றைய பேச்சாளரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வெயில் தாழும்வரை வாதாடினார்கள். கரும்பலகையில் வரிவரியாக மனுவை எழுதி அழித்து எழுதினோம். அக்காவுக்கு ஒரு பிரமாணப் பத்திரம், எனக்கு ஒன்று. நான் தூங்கினேன் என்ற வரி என் கையெழுத்தோடு கோர்ட்டுக்குப் போனது. அவமானமாகத்தான் இருந்தது.

மனு விசாரணைக்கு வந்த நாளில் டவாலி வருவதற்கு முன்பே போய் நின்று, பெயர் கூப்பிட்டதும் நானே பதில் சொன்னேன். நீதிபதி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தூங்கிட்டீங்களா?" "ஆமாம் ஐயா." கோர்ட்டே சிரித்தது. தீர்ப்பு ரத்தானது. வழக்கு மறுபடி உயிர்பெற்றது, வீடு அப்போதைக்குத் தப்பியது.

சேதி எப்படியோ பரவிவிட்டது. அடுத்த சனிக்கிழமை கொட்டகையில் நாற்பது பேர். ஆலந்தூரிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து, தான் கோட்டைவிட்ட வழக்கைச் சொன்னார். பிறகு இன்னொருவர். அப்புறம் அந்த வகுப்புக்கு நான் ஆள் தேடவே இல்லை. அன்று அக்காவும் வந்து படிக்கட்டோரம் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். முடிவில் ஆஜர் எடுத்தேன். பதிவேட்டின் கடைசியில் யாரோ குறும்பாக அவர் பெயரையும் எழுதியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே கூப்பிட்டேன்.

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். வெள்ளையும் கறுப்புமாக நாற்பது பேர், மேசை, பதிவேடு, கூப்பிடும் குரல்: அவருக்கு அது கோர்ட்டாகவே பட்டிருக்க வேண்டும். உதட்டை இறுக மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னதை நான் இன்னும் வாபஸ் வாங்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு போய்விட்டது.

"சொல்லுங்கக்கா. இனிமே யார் கூப்பிட்டாலும் நீங்களே சொல்லுங்க" என்றேன். மூன்றாம் முறை கூப்பிட்டேன்.

"இங்கதான் கீறேம்மா" என்றார், மாடி முழுக்கக் கேட்கும்படி.