ஆடு கிடந்த பச்சை

இசக்கிச்செல்விக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவள் அம்மா சங்கரம்மாள் சட்டென்று சொல்லிவிடுவாள்: "வானத்துல இருந்து பூமியப் பாக்குதா." கேட்டவர்கள் ஏதோ விமானத்தில் உத்தியோகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சங்கரம்மாள் மறுப்பதில்லை. பெற்ற பெண்ணைப் பற்றி நாலு பேர் உயரமாக நினைத்தால் யாருக்குக் கசக்கும்?

உண்மையில் அவள் உட்கார்ந்திருப்பது கோவில்பட்டியில், ஒரு பெயிண்டுக் கடையின் மாடியில். சுற்றுவட்டாரக் கரிசலில் எங்கே என்ன புல், எங்கே என்ன புதர், அதில் எந்தெந்தப் பறவைகள், விலங்குகள் ஒண்டியிருக்கின்றன என்று வரைபடம் தயாரிக்கும் சின்ன அமைப்பு அது. செயற்கைக்கோள் எடுத்த படம் கணினித் திரையில் விரியும். உடைமரக்காடு, புல்வெளி, புஞ்சை, ஓடை, கண்மாய் என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு இழுத்து, வகைக்கு ஒரு நிறம் கொடுக்க வேண்டும். கேட்க எளிது. கண் பூத்துப்போகும்.

ஆனால் செல்விக்கு அந்த வேலை ஒரு மயக்கம். காலையில் திரை முன் உட்கார்ந்தால் உடம்பு நாற்காலியில் இருக்கும், ஆள் மேலே போய்விடுவாள். கீழே கரிசல் விரிந்து கிடக்கும். மழைக்குப் பின் எடுத்த படமாக இருந்தால் அந்தக் கறுப்பு நனைந்து மினுங்கும். மேகத்தின் நிழல் விளாத்திகுளம் பக்கத்து மிளகாய்ப் புஞ்சைகள் மேல் அப்படியே நின்றிருக்கும். படத்தில் அது நகராது என்று தெரிந்தும், நகரட்டும் என்று சில நேரம் அவள் காத்திருப்பாள். சாயங்காலம் படியிறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கும்போதும் பாதி மிதந்துகொண்டே இருப்பாள். எதிரே வருகிற சைக்கிள்காரர் பெல் அடித்துத்தான் அவளைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த மயக்கத்துக்குள் அவளுக்கு ஒரு ரகசியமும் இருந்தது. யாரிடமும் சொல்லாத ரகசியம்.

அவர்களுடையது பசுவந்தனைப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். அறுப்பு முடிந்த புஞ்சைக்காரர் வந்து கேட்டுக்கொண்டால், வலை கட்டி அந்த நிலத்தில் ராத்திரிக்கு ஆடுகளை அடைத்துப் போடுவார்கள். அதற்குக் கிடை போடுவது என்று பெயர். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குச் சத்து. மறுநாள் வலை அடுத்த இடத்துக்கு நகரும். மழை விழுந்ததும் ஆடு கிடந்த இடங்கள் மட்டும் தனியாகத் தழைத்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் கறுப்புச் சேலையில் பச்சைக் கட்டம் போட்டது போல இருக்கும். எல்லோரும் வலையை நேர் வரிசையில் நகர்த்துவார்கள். செல்வியின் அப்பா அய்யாத்துரைக்கு மட்டும் அது பிடிக்காது, அவர் வளைத்து வளைத்து நகர்த்துவார். அவருக்குப் பிறகு மகன் செண்பகராஜும் அப்படியே. ஆகவே பச்சைக் கட்டங்கள் எங்காவது பிறைபோல் வளைந்து கிடந்தால், செல்வி மனதுக்குள் சொல்லிக்கொள்வாள், 'அண்ணன் இங்கன கெடந்திருக்கான்' என்று.

அண்ணனோடு அவளுக்குப் பேச்சு கிடையாது.

அப்பா இறந்தபோது அவள் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். ஓடி வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அழுது வீங்கிய முகத்தோடு செண்பகராஜ் சொந்தக்காரர்கள் நடுவில் வைத்துச் சொன்னான்: "படத்துல பூமியப் பாக்குதவளுக்கு வீட்டுல நடக்கது எங்க தெரியப் போகுது?" அவனுக்கு அது துக்கம். அவளுக்கு அது சாட்டை. ரோஷத்தில் அவளுக்கு அவன் சளைத்தவன் இல்லை, அவனுக்கு அவளும் சளைத்தவள் இல்லை. "நீ எந்தக் காட்டுல கெடந்தாலும் எனக்கு மேல இருந்தே தெரியும். நீ ஒண்ணும் எனக்குப் போன் போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அன்றோடு சரி. வீம்பு என்று வந்துவிட்டால் இந்த வீட்டு ஆட்களை மிஞ்ச ஆளில்லை. இடையில் சங்கரம்மாள்தான் இரண்டு பக்கமும் சமாதானம் பேசிப் பேசி அலுத்துப்போனாள்.

ஆனால் ஒவ்வொரு வருசமும் மழைக்குப் பிந்திய படம் வந்ததும் செல்வி முதலில் தேடுவது அந்தப் பிறையைத்தான். பசுவந்தனைக்கு மேற்கே அது தவறாமல் இருக்கும். பார்த்துவிட்டால் மனது நிறைந்துவிடும். பாசத்தை இப்படித் திருட்டுத்தனமாக வைத்துக்கொள்வதில் என்ன கௌரவமோ, அவளுக்குத்தான் வெளிச்சம்.

இந்தத் தை மாதம் சிக்கல் வந்தது. அந்த வட்டாரத்தில் சூரிய மின்சாரத் தகடு பரப்ப ஒரு கம்பெனி இடம் பார்த்துக்கொண்டிருந்தது. வரைபடத்தில் காட்டுயிர் தங்கும் புல்வெளி என்று குறித்த இடங்களை விட்டுவிடுவது, புஞ்சை என்று குறித்தால் எடுத்துக்கொள்வது என்று பேச்சு. வரைபடம் போக வேண்டிய நேரத்தில், அமைப்பை நடத்துகிற ஹரிஹரசுதன் பறவை பார்க்கப் போய்விட்டு முகம் சுருங்கி வந்தார்.

"செல்வி, பூனைப்பருந்து கூட்டமா தரையில அடையுத எடம் ஒண்ணக் கண்டேன். குறிச்ச புள்ளிய வரைபடத்துல போட்டுப் பாத்தா, நீங்க புஞ்சைன்னு போட்டதுக்குள்ள விழுது."

பூனைப்பருந்து என்பது பனிக்காலத்தில் எங்கோ வடக்கே குளிர் தேசத்திலிருந்து வருகிற பறவை. மரத்தில் தங்காது. உயரமான புல்லுக்குள் தரையில்தான் உறங்கும். உழுகிற நிலத்தில் அதற்கு என்ன வேலை?

செல்வி எட்டிப் பார்த்தாள். அவளுடைய பிறை.

"சார், அது கிடை போட்ட எடம். கிடை போட்டா அது புஞ்சைதான். உழாத நெலத்துல எங்க ஆளுக ஆட்ட அடைக்கவே மாட்டாவ, ஊரே கைகொட்டிச் சிரிக்கும்" என்றாள் அடித்துச் சொல்லுகிற குரலில்.

"போய்ப் பாத்துருவோம்" என்றார் அவர்.

மறுநாள் வெயில் தாழ இரண்டு வண்டிகளில் போனார்கள். செல்வி இறங்கி நின்றாள். மேலிருந்து இத்தனை வருசம் பார்த்த இடத்தில் முதல்முறையாகக் கால் வைக்கிறாள். இடுப்பளவு புல் வைக்கோல் நிறத்தில் அசைந்துகொண்டிருந்தது. குனிந்து விலக்கிப் பார்த்தாள். உழவு சாலே இல்லை. பல மழை தின்று சமமாகிப்போன மண், கலப்பையை மறந்து வெடித்துக் கிடந்தது. ஒரு கவுதாரி காலடியிலிருந்து படபடத்துப் போனது.

அப்புறம் பருந்துகள் வந்தன. தாழ்வாக, சத்தமே இல்லாமல், நாலாபக்கமும் இருந்து. புல்லின் மேல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு ஒவ்வொன்றாக இறங்கி மறைந்தன. வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. தான் கீழே நிற்கிறோமா, மேலே இருந்து பார்க்கிறோமா என்று செல்விக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

"ஏட்டி!"

திரும்பினாள். புல்லை விட்டு விலகி, ஓடைக்கரையோடு மந்தையை ஓட்டிக்கொண்டு செண்பகராஜ் வந்துகொண்டிருந்தான். தோளில் சிவப்புத் துண்டு. தாடியில் நரை. பேச்சில்லை என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

"யாரு புஞ்சைண்ணே இது? ஒன்னயக் கிடைக்கு யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. புஞ்சைக்காரவிய எல்லாரும் திருப்பூருக்குப் போயி வருசக்கணக்காச்சு. உழவு ஏது?"

"உழாத நெலத்துல எவனாச்சும் கிடை போடுவானா? ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கத்தான் செய்யுதாவ." அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "உழுதா அழிஞ்சிரும்லா. அழிஞ்சிட்டா ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

செல்விக்குப் புரியவில்லை.

"நீதான சொன்ன, மேல இருந்தே தெரியும்னு. போனும் போட வேண்டாம்னுட்ட. பெறகு நான் நல்லாத்தான் இருக்கேன்னு எப்பிடிச் சொல்ல? அதான் அப்பா மாதிரி வளைச்சுப் போடுதேன். கோடை வார வரைக்கும் இந்தப் புல்லுல ஆட்ட எறக்க மாட்டேன். பச்சை தெரியணும்லா?"

தன் ரகசியம் என்று அவள் பொத்தி வைத்திருந்தது அவளுடையதே அல்ல. அவள் பார்ப்பாள் என்று ஒருவன் வருசம் தவறாமல் ஊர்ச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு எழுதிவைத்த சேதி. அதை அவள் புஞ்சை என்று பழுப்பு நிறம் அடித்து வைத்திருக்கிறாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஹரிஹரசுதன் நாகரிகமாகப் பருந்துகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எதுக்கு அழுத? கழுத." அவனுக்கும் குரல் சரியாக இல்லை. "எப்பமாச்சும் மேல பாத்துத் துண்ட ஆட்டுவேன். அது தெரியுமா?"

அந்தப் படங்களில் ஒரு பெரிய வேப்பமரமே ஒரு புள்ளிதான். மனிதன் அந்தப் புள்ளியில் தூசியாகக்கூட விழமாட்டான். படம் எடுக்கிற நேரத்தில் அவன் துண்டு ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது வேறு.

"தெரியும்ணே" என்றாள் செல்வி.

மறுநாள் அவள் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக இழுத்தாள். "தப்பாப் போட்டுட்டேன் சார்" என்றதற்கு ஹரிஹரசுதன் சிரித்தார். "எனக்கெல்லாம் இந்தத் தப்பு வரவே வராது செல்வி. கிடைன்னு தெரிஞ்சாத்தான, புஞ்சைன்னு நெனைக்க? பாத்ததும் புல்லுன்னு போட்டுட்டுப் போயிருப்பேன்."

ஆனால் புல்வெளி என்று மட்டும் போட்டால், நாளைக்கு யாராவது வந்து ஆட்டை உள்ளே விடாதே என்பார்கள். ஆகவே பக்கத்திலேயே குறிப்பு எழுதினாள்: கோடையில் இங்கே ஆடு கிடப்பதால்தான் இந்தப் புல், இந்தப் புல்லால்தான் பருந்து, கிடையைத் தடுக்கக் கூடாது. "இதெல்லாம் வரைபடத்துல எழுதுத வழக்கம் இல்லையே" என்று அவர் இழுத்தார். "எழுதணும் சார்" என்றாள். அவள் குரலைக் கேட்டுவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

வரைபடம் போயிற்று. கம்பெனி தகடு பரப்பப் போகும் இடங்களின் படம் திரும்பி வந்தபோது, அந்தப் பிறையைச் சுற்றிக்கொண்டு கோடு விலகிப் போயிருந்தது. செல்வி மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஒன் எடம் தப்பிச்சிட்டுண்ணே. கம்பெனி அங்கன வரல."

"சரி." பின்னால் ஆடுகள் கத்தின. "என்ன பண்ணுத?"

திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருந்தாள். படம் உடைந்து வெறும் பச்சையும் கறுப்புமாய்ச் சதுரங்கள் ஆகிவிட்டிருந்தது.

"ஒன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். காலையில நீ துண்டு ஆட்டுனது தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான்.

"காலையில நான் ஆட்டவே இல்லையே ஏட்டி."

செல்வியின் பொய் வெளுத்துவிட்டது; அவன் ஆட்டிய துண்டு ஒரு நாளும் மேலிருந்து தெரிந்ததில்லை என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அவன் கோபப்படுவான் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சரி," என்றான் செண்பகராஜ், "நாளைக்கு ஆட்டுதேன். பாரு."