குத்துப்படாத தோல்

நீல்தா சோக்கேவுக்கு அறுபத்தோரு வயது. வீடு மேட்டில், ஆல்டோ ஓஸ்பிசியோவில். வேலை கீழே கடற்கரையில், இகீகே நகரத்தில். படுத்த படுக்கையாகிவிட்டவர்களைக் குளிப்பாட்டுவாள், புரட்டிப் படுக்க வைப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். வீட்டுக்கு வீடு போகப் பஸ்ஸை நம்பி அலுத்துப்போய் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாள். வண்டி வந்ததும் கூடவே ஓர் ஆசையும் வந்தது. ஜூலைத் திருவிழாவுக்கு ஊர் மோட்டார் சைக்கிள் சங்கம் லா திரானா மாதா கோயிலுக்குப் பாலைவனத்தின் குறுக்கே வரிசையாகப் போகும். அதில் தன் வண்டியைத் தானே ஓட்டிப் போக வேண்டும்.

அதுவரை அந்த வரிசையில் பெண்கள் பின் இருக்கையில்தான் போயிருந்தார்கள்.

சங்கத் தலைவர் எலெயுதேரியோ முடியாது என்று சொல்லவில்லை. "முழுத் தோல் உடுப்பு போடணும் அக்கா. ஜாக்கெட் முதுகுல மாதா படம் தைச்சிருக்கணும். அதோட வாங்க, பேசிக்கலாம்" என்றார். நீல்தா குள்ளம், அகலம். அவள் அளவுக்கு உடுப்பு எங்கேயும் கிடைக்காது என்ற தைரியத்தில்தான் அவ்வளவு தாராளமாகப் பேசினார்.

பெரிய கடைத்தெருவில் விலையைக் கேட்டுவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள். நேராகத் துறைமுகத்துப் பக்கம் வரியில்லாக் கடைகளுக்குப் போனாள். அங்கே தாரிக் என்ற பாகிஸ்தான்காரர் கடை வைத்திருந்தார். அவருடைய சித்தப்பா பிள்ளைகள் சொந்த ஊரான சியால்கோட்டில் தைக்கும் தோல் உடுப்புகளைக் கப்பலில் வரவழைத்து விற்பவர். பாதி விலைக்கும் குறைவு.

நீல்தா முதலில் ஜாக்கெட்டின் உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். படுக்கைப்புண் வரும் இடங்களைத் தேடுகிறவள்போல் தோள், முழங்கை, இடுப்பு என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். படுத்துக் கிடப்பவருக்கு எந்த எலும்பு உறுத்துமோ, விழுகிறவருக்கும் அந்த எலும்புதான் தரையில் முட்டும். தையல் இரட்டையாக இருந்தது. தோலும் நல்ல தடிமன். போட்டுக்கொண்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் கால் பரப்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

தாரிக் சிரித்தார். "அக்கா, கடையிலேயே கிளம்பிட்டீங்க."

"இங்க பாரு. முழங்கைக் கவசம் மணிக்கட்டுக்குப் பக்கத்துல நிக்குது. விழுந்தா என் கைக்கடிகாரம் பொழைச்சுக்கும்."

"கையை மடிச்சு விட்டுக்குங்க."

"மடிச்சா கவசம் ஏறி முழங்கைக்கு வந்துடுமா?"

"கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு."

"வண்டியில நான் நின்னுக்கிட்டா போறேன்? உட்கார்ந்த அளவை எடுத்து உன் தம்பிங்களுக்கு அனுப்பு."

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. தம்பிகளிடம் கேட்டுப் பார்த்தபோது, அளவு சொல்லித் தைத்தாலும் விலை கொஞ்சம்தான் ஏறும் என்று தெரிந்தது. அவருக்கே ஆச்சரியம். ஜூன் மாதக் கப்பலில் ஜாக்கெட், கால்சட்டை, கையுறை எல்லாம் வந்து இறங்கின. நாற்காலியில் உட்கார்ந்து கை நீட்டினாள். கவசம் முழங்கையின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

இனி மாதா படம் பாக்கி. சங்கத்தார் எல்லோரும் புது ஜாக்கெட்டை ஃபுளோரென்சியோவிடம் கொடுப்பார்கள். திருவிழா நடனக் குழுக்களுக்கு ஜரிகை உடுப்பு தைப்பவர் அவர். தோலிலும் அதே ஊசி, அதே நெருக்கமான தையல். போன வருஷம் வில்சன் என்ற பையன் வளைவில் சறுக்கியபோது, அவன் ஜாக்கெட் மாதாவின் கிரீடத்தைச் சுற்றி ஊசித்துளை போன வழியே கிழிந்தது. அந்த முதுகுக்கு வாரக்கணக்கில் கட்டுப் போட்டவள் நீல்தா. கிரீட வடிவத்திலேயே தழும்பு விழுந்தது. மாதா இறங்கிவிட்டாள் என்று அவன் சட்டையைத் தூக்கி ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான்.

நீல்தா ஃபுளோரென்சியோவிடம் ஒரு துணி மேலங்கியைக் கொடுத்தாள். "மாதாவை இதுல தைச்சுக் குடு. ஜாக்கெட்டுக்கு மேல போட்டுக்கறேன். தோல்ல ஊசி படக் கூடாது."

புறப்படும் காலையில் மேடு முழுக்கக் கடல்பனி. எலெயுதேரியோ வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் அவளிடம் நின்று, மேலங்கியைத் தூக்கினார்.

"தோல்ல ஒண்ணும் இல்லையே அக்கா. எல்லாரும் தைச்சிருக்கோம். உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"மாதாவை விட்டுட்டு வரல. தோலைக் குத்த மாட்டேன், அவ்வளவுதான். நான் கட்டுப் போட்ட முதுகைக் கூப்பிட்டுக் கேளுங்க."

வில்சன் கூப்பிடாமலே வந்தான். "தலைவரே, அந்தத் தையல் மட்டும் இல்லைன்னா மாதா இறங்கறதுக்கு வழியே இருந்திருக்காது."

வரிசையில் சிரிப்பு ஓடியது. எலெயுதேரியோ சிரிக்கவில்லை. தன் ஜாக்கெட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மாதாவின் கிரீடத்தைச் சுற்றி ஊசித்துளைகள் மின்னின. திரும்பப் போட்டுக்கொண்டார்.

"சரி. கடைசியில நில்லுங்க."

"கடைசியில நின்னா எல்லா வண்டிப் புகையும் எனக்குத்தான். வேற இடம் சொல்லுங்க."

எலெயுதேரியோ முன்பக்கம் கை காட்டினார். "அப்போ என் பின்னாடியே வாங்க. விழுந்தா கட்டுப் போட ஆள் பக்கத்துல இருக்கட்டும்."

தலைவருக்கு அடுத்த வண்டியாக நீல்தா பாலைவனத்தைக் கடந்தாள். யாரும் விழவில்லை. கோயில் வாசலில் தலைக்கவசத்தைக் கழற்றியபோது, பின் இருக்கைகளிலிருந்து இறங்கிய மூன்று பெண்கள் அவளிடம்தான் வந்தார்கள். ஒருத்தி ஜாக்கெட்டின் கையைத் தடவிப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

நீல்தா கடையைச் சொன்னாள். "உட்கார்ந்துதான் அளவு கொடுக்கணும். நிக்கச் சொல்லுவான், நிக்காதீங்க" என்றாள்.