மண்டியிட ஓர் ஆள்

நல்லமிளகு பறிக்க ஏணியில் ஏறியவள் இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டேன். வலது கணுக்காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். அதே நாட்களில்தான் என் கணவரின் தம்பி, என் கொழுந்தன், துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். பெண் பார்க்கப் போகிறேன் என்று தினமும் காலையிலேயே கிளம்பிவிடுவான். அவன் கொண்டுவந்த வீடியோகேம் பெட்டி டிவிக்குக் கீழே சும்மா கிடந்தது.

"இது ஒங்களுக்கு ஆவாது மைனி. நீங்க பாட்டுப் புஸ்தகத்த எடுத்துப் பாடுங்க" என்றான்.

அவன் அப்படிச் சொன்னதற்காகவே எடுத்தேன்.

வாள் பிடித்த ஒரு பெண். அவளுடைய நாட்டை ஒரு டிராகன் எரித்துவிட்டது. அது ஒரு மலை உச்சியில் இருக்கிறது, அதைக் கொல்ல வேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் அந்த நாடு இருக்கிறதே! எனக்கு பாத்ரூம் போகக்கூட ஆள் வேண்டியிருந்த நாட்களில் அவள் மலையேறினாள், ஆற்றை நீந்திக் கடந்தாள். மழை பெய்தால் அவள் முடி நனைந்தது. தூரத்தில் தெரிகிற எந்த மலைக்கும் போகலாம். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இரண்டாம் நாளே நான் அந்த ஆட்டத்துக்கு அடிமை.

எரிச்சலும் குறைவில்லை. எழுத்தெல்லாம் எறும்பு அளவு. கண்ணாடி போட்டும் கண் வலித்தது. ஊர்க்காரர்கள் நூறு தடவை கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்வார்கள். பையில் நாலு சாமான் கூடிவிட்டால் அவள் ஓட மாட்டாள், ஊர்ந்துதான் போவாள். கீழே கிடப்பதைப் பொறுக்காமல் போக எனக்கு வராது. வீட்டைச் சுற்றியுள்ள எங்கள் விளையில் விழுந்த பாக்கைக்கூட நான் விட்டதில்லை.

பெரிய தொல்லை வேறு. ஆடியது பதிவாக வேண்டுமானால் வழியில் வருகிற கல்சிலை ஏதாவதொன்றின் முன் அவள் மண்டியிட வேண்டும். நானோ நாலு தலைமுறையாக மிஷன் சபையில் வந்தவள். சிலை முன் முழங்கால் போடக் கூடாது என்பது ஓய்வுநாள் பள்ளியில் முதலில் படித்த பாடம். பொம்மைதான், தெரியும். ஆனாலும் என் விரல் அந்தப் பட்டனுக்குப் போகவில்லை. பெட்டியை அணைக்காமல் இருந்தால் போதும் என்று முடிவு செய்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் கரண்டு போனது. நாலு மணி நேரம் பாடுபட்டு ஏறிய மலை, மூன்று கொள்ளைக்கூட்டம், ஒரு வெள்ளிக் கவசம், எல்லாம் போச்சு. கரண்டு வந்ததும் முதலிலிருந்து தொடங்கி, முதல் சிலை முன் வந்து நின்று, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

மீன்குழம்பு கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி கால்தான் வலிக்கிறதாக்கும் என்று பயந்துபோனாள். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதுக்கா இந்தப் பாடு? நாங்க தெனமும் கும்பிடுதவங்கதானே அக்கா. இங்க தாங்க" என்று கன்ட்ரோலரை வாங்கி, நான் காட்டிய பட்டனை அமுக்கினாள். திரையில் அந்தப் பெண் சிலையின் முன் மண்டியிட்டாள். ஆட்டம் பதிந்தது.

அதன்பிறகு சிலை வந்தால் ஜன்னல் வழியாகக் கூப்பிடுவேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமுக்கிவிட்டுப் போவாள். டிராகனுக்கு அவள் வைத்த பெயர் பாம்பு. "பாம்பு செத்துதா அக்கா?" என்று தினமும் கேட்பாள்.

அது சாகிற மாதிரி இல்லை. கொழுந்தனே போன வருடத்திலிருந்து அதனிடம் தோற்றுக்கொண்டிருந்தான். எனக்கோ நாளும் முடிந்துவிட்டது. அவன் லீவு முடிந்து, அன்று மூன்று மணிக்கு அவனைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகக் கார் வரும். பெட்டியும் அவனோடு போய்விடும். பக்கத்து வீட்டுக்காரி காலையிலேயே மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைவிழாவுக்குப் போய்விட்டாள். கடைசியாக ஆட்டம் பதிந்தது மலையடிவாரத்தில். நான் தோற்றால் திரும்ப மேலே ஏறவே ஒரு மணி நேரம் ஆகும். மணி இரண்டேகால். உச்சியில், டிராகனின் குகை வாசலில் இருந்த சிலையைத் தாண்டி நேரே உள்ளே போனேன். ஜெயிக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

கொழுந்தன் எப்போதும் பாய்ந்து போய் வெட்டுவான், எரிந்து சாவான். நான் பாயவில்லை. நெருப்பைத் துப்புவதற்கு முன் அது இடது சிறகைக் கொஞ்சம் தூக்கும். தூக்கினால் விலகு, சிறகு இறங்கினால் ஒரே ஒரு வெட்டு. ஆப்பச்சட்டி மூடியைத் திறக்கிற நேரம் தெரிந்தவளுக்கு இது தெரியாதா? இருபத்தைந்து நிமிடம் அப்படியே நின்றேன். மலை அதிர அது விழுந்தது.

நான் போட்ட கூச்சலில் கொழுந்தன் பாதிச் சட்டையோடு ஓடிவந்தான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மைனி... கொன்னுட்டியளா?"

வெளியே கார் ஹாரன் அடித்தது. வாள்காரியை அவசரமாகக் குகை வாசல் சிலை முன் கொண்டுவந்து நிறுத்தினேன். பதியாமல் வயரைப் பிடுங்கினால் என் வெற்றி போய்விடும்.

"நான் அமுக்கட்டா மைனி?"

"தொட்டுராத!" என்றேன். எனக்கு ஆவாது என்றவன் கையால் என் வெற்றி பதிய வேண்டாம். போனை எடுத்தேன். அந்தப் பக்கம் மேளமும் வெடியும் ஒரே இரைச்சல்.

"ஏட்டி, பாம்பு செத்துப்போச்சு! மண்டியிட ஆளு இல்ல!"

"செத்துட்டா! அம்மே!" என்று அலறினாள். "நான் இங்க அம்மைக்க முன்னாலதான் நிக்கேன் அக்கா. நான் கும்பிடுதேன். நீங்க பட்டன மட்டும் அமுக்குங்க. கும்பிட்டது நானாக்கும்!"

அமுக்கினேன்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் துபாயிலிருந்து கொழுந்தன் கூப்பிடுகிறான். பெட்டியைத் திறந்தால் முதலில் என் ஆட்டம், முடிந்தது என்று நிற்கிறதாம். கீழே அவனுடையது, குகை வாசலிலேயே.

"மைனி, அந்தச் சவத்த எப்பிடிக் கொன்னிய? சொல்லுங்க."

"பெட்டியக் கொண்டு வா. சொல்லித் தாரேன்."