கால் எட்டும் ஆழம்

1994 மார்ச் 13, ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்தேன். இரண்டு பேருக்கும் சோறு வடித்து, துணி அலசிக் காயப்போட்டுவிட்டு, காற்றைப் பார்த்தேன். தரையிலிருந்து கடலை நோக்கி மெதுவாக வீசியது. நம் ஊரில் ஞாயிறு என்றால் கறி எடுக்கப் போவார்கள். இந்த மொரிஷியஸ் கரையில் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள். இங்கே கடலே இரண்டாக இருக்கிறது. கரையோரம் குளம்போல் அசையாத நீர், அதற்கப்பால் பவளப்பாறை. அலை உடைவது அந்தப் பாறையின்மேல்தான்.

பனியன் துணி பின்னும் வேலைக்கு வந்தவன் நான். இரண்டு வருடத்தில் அலைமேல் நிற்கவும் பழகிவிட்டேன். பழக்கியவன் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் இந்தத் தீவுக்காரன் சின்னத்தம்பு. அவனிடம் தமிழ் அந்தப் பெயரோடு முடிந்துவிடுகிறது. அவன் சொன்னது எனக்கு வரிசை மாறாமல் மனப்பாடம். கரைக்காற்று அலையை நிமிர்த்திப் பிடிக்கும். பாறையில் வாசல்போலத் திறந்திருக்கும் இடத்துக்குப் 'பாஸ்' என்று பெயர். வெளியே போக அதுதான் வழி. நீர் வற்றும் நேரத்தில் பாறைக்கு மேல் முழங்கால் அளவே தண்ணீர். விழுந்தால் தட்டையாக விழு, தலையை மூடு, என்ன ஆனாலும் காலை ஊன்றாதே.

அன்று என் தங்கை சரோஜாவின் கணவர் பழனிசாமியையும் அழைத்துப்போனேன். அவரை இந்த மில்லுக்கு வரவழைத்ததும் நான்தான். வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, என் அறையில்தான் தங்கியிருக்கிறார். சின்னத்தம்பு தண்ணீருக்குக் கீழே கையைக் காட்டி, "கோராய், கோராய்" என்று எச்சரித்தான். அவர்களுடைய கிரியோல் மொழியில் அது பவளம்.

"கோரைங்களா? அப்பறம் என்னுங்க மச்சான், பாய் விரிச்சாப்புல மெத்துன்னு இருக்கும்."

நான் சிரித்தேன். காரணம் புரியாமல் சின்னத்தம்புவும் சிரித்தான். நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. போகும் அவசரத்தில் நான் அவரைத் திருத்தவில்லை.

பல்லடம் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள். எங்களுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று: கால் எட்டுமா? படியில் கால் பட்டுவிட்டால் உயிர் பிழைத்தோம். மேட்டில் நிற்பவர்களும் அதைத்தான் சொல்லிக் கத்துவார்கள். பழனிசாமி பாறைக்கு மேலே பலகையோடு கவிழ்ந்து நுரைக்குள் கை வீசியதைப் பார்த்தபோது என் வாயில் வந்தது சின்னத்தம்புவின் பாடம் அல்ல.

"காலை ஊனுங்க மாப்ளே. ஊனி நில்லுங்க."

அவர் ஊன்றினார். அடுத்த அலை உடம்பைத் தள்ளியது. பாறை இடுக்கில் சிக்கிய கால் வரவில்லை. சின்னத்தம்பு அவரை மீட்டபோது, குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்கால் கிழிந்திருந்தது. எலும்பு முறியவில்லை என்றார் டாக்டர். ஆனால் பின்னல் மிஷின் முன்னால் ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டிய வேலை இது. நிற்க முடியாதவரை கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும்.

மாலையில், வழக்கம்போல் பல்லடத்து பேக்கரிக்குப் போன் போட்டேன். சரோஜா அங்கே காத்திருந்தாள்.

"அவரு எங்கீங்கண்ணா?"

"தூங்கறாரு கண்ணு."

"எங்கூடப் பேசாட்டித் தூக்கமே வராதும்பாரு. இன்னைக்கு மட்டும் வந்துருச்சாக்கும். செரி உடுங்க, நீங்க பக்கத்துல இருக்கறப்ப எனக்கென்னுங்க பயம்."

ரிசீவரை வைத்தேன். இரண்டு வருடமாகக் கடலைக் கடலின் மொழியில் படித்திருக்கிறேன். பயந்த நேரத்தில் என் வாய் கிணற்றுமேட்டில் நின்று பேசிவிட்டது.

திங்கட்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக வெந்நீர் வைத்து, கட்டைப் பிரித்து, அவர் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். பவளத் துகள் தங்கினால் புண் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"உடுங்க மச்சான். நீங்க போயி என்ற காலைத் தொடறதா."

"கல்யாணத்துல கழுவி உட்டவனே நாந்தானுங்க மாப்ளே."

பிறகு, நிற்கச் சொன்னது நான்தான், சரோஜாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் இழுத்துக்கொண்ட காலை மெல்ல என் மடிக்கு நீட்டினார்.

"சொல்லாதீங்க. நான் திரும்பிப் போனாலும், அவளுக்கு அண்ணன்னு ஒருத்தரு வேணுமில்லீங்களா."

வெளியே அலை உடையும் ஓசை சீராக வந்துகொண்டிருந்தது. நல்ல அலை என்று என் உடம்பு உடனே தெரிந்துகொண்டது. தலை நிமிராமல், புண்ணில் ஒட்டியிருந்த வெள்ளைத் துகளை எடுத்தேன்.