ஆர்டிஸ் எடுத்த ஆறு மீன்கள்

ஓட்னஸ் ஊரில் இருபத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் ஆர்டிஸ் ஹாக்லண்ட். வடக்கு மினசோட்டாவின் ஜனவரியில் ஒருநாள், வண்டியின் சூடேற்றி பழுதாகியிருந்தும் ஓட்டச் சொன்னார்கள். ஆர்டிஸ் நேராகத் தலைமை ஆசிரியரின் அறைக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தாள். "நீங்களே ஓட்டுங்க. கண்ணாடி உள்பக்கமா உறையும். உங்க டையால துடைச்சுக்கோங்க." அன்று பள்ளி நடக்கவில்லை. மூன்றாம் நாள் புதிய சூடேற்றி வந்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். மீதிப் பேரும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

அவளும் கணவன் வெண்டலும் பிக் ஹெரன் ஏரியின் தென்கரையில் இருந்தார்கள். அந்த ஏரி வால்ஐ மீனுக்குப் பேர்போனது. கண்ணாடிக் கோலிபோல் வெளிறிய கண்ணும், பித்தளைப் பாத்திரம் போன்ற மேனியும், வாலின் கீழ்நுனியில் வெள்ளைப் பொட்டும் கொண்ட மீன் அது. அதன் சதைக்கு ஈடாக வேறெதையும் அந்தப் பக்கத்து ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆர்டிஸ் வாரத்தில் இரண்டு நாள் தன் பழைய அலுமினியப் படகில் போவாள். கணவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இரண்டாவது மீன் படகுக்குள் விழுந்ததும் நங்கூரத்தைத் தூக்கிவிடுவாள், சில நாள் இருபது நிமிஷத்திலேயே.

டேரல் ஓஸ்ட்பிக்கு அது எரிச்சலாக இருந்தது. அவன் ஏரிக்கரையில் விடுதி நடத்துகிறவன், மீன்பிடிச் சங்கத்தின் தலைவனும்கூட. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவதுதான் நாகரிகம் என்று நம்பினான், அதை மனதார நம்பினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் சிறுவயதில் ஆட்கள் வாளி வாளியாக அள்ளிப் போனதைப் பார்த்தவன்.

"இன்னிக்கு நாப்பது மீன் பிடிச்சேன் ஆர்டிஸ். நாப்பதையும் விட்டுட்டேன்" என்றான் ஒருநாள் படகுத்துறையில். "உன் பெட்டியில என்ன?"

"ரெண்டு."

"ரெண்டு உசிரு போச்சு."

"ஆமா. ரெண்டுதான் போச்சு. உன் நாப்பதுல எத்தனை போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"எல்லாம் நீந்திப் போச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"எவ்வளவு தூரம் பார்த்தே?"

டேரல் திரும்பிப் படகைக் கழுவத் தொடங்கினான்.

சில வருஷங்களில் ஏரியில் மீன் குறைந்தது. காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாநில மீன்வளத் துறை ஒரு விதி போட்டது: ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஒரு வால்ஐ மீனைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. பிடிக்கலாம், ஆனால் விட்டுவிட வேண்டும். செத்துக்கொண்டிருந்தாலும் விட வேண்டும். செத்தே போனாலும் தண்ணீரிலேயே போட வேண்டும்.

ஆர்டிஸ் அந்த இரண்டு மாதமும் தூண்டிலைத் தொடுவதையே நிறுத்தினாள். வெண்டலுக்குப் பன்றிக்கறி வறுத்துப் போட்டாள். "திங்க முடியாதுன்னா எதுக்கு அதோட வாயைக் கிழிக்கணும்?" என்றாள். இரண்டு கோடை அப்படியே போயின.

மூன்றாவது கோடையில் டேரலின் சங்கம் ஜூலைக் கடைசியில் இரண்டு நாள் போட்டி வைத்தது. நூற்றிருபது படகுகள். பிடித்து, அளந்து, படமெடுத்து, விட்டுவிடும் போட்டி. அந்த வாரம் காற்றே இல்லை. கரையோரத் தண்ணீர் குளியல் தொட்டிபோல் வெதுவெதுப்பாக இருந்ததால் மீன்களெல்லாம் குளிர்ச்சி தேடி ஆழத்தில் கிடந்தன. நாற்பதடி ஆழத்திலிருந்து சரசரவென்று இழுத்தால் மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை ஊதிவிடும். பிறகு அதால் கீழே இறங்க முடியாது. சூடான மேல்தண்ணீரில் மல்லாந்து கிடந்து மெதுவாகச் சாகும்.

முதல்நாள் போட்டி முடிந்த மறுநாள் காலை, ஆர்டிஸின் வீட்டுக் கரையில் அறுபத்து மூன்று மீன்கள் ஒதுங்கியிருந்தன. கடற்காக்கைகள் கண்களை மட்டும் கொத்தித் தின்றுவிட்டு அடுத்ததற்குத் தாவின. அவள் காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி கரை நெடுக நடந்தாள். சில மீன்களின் செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஒன்றின் முன் குனிந்தவள், வெகுநேரம் நிமிரவில்லை. வெண்டல் பின்னாலேயே வந்து நின்றான்.

"மீன்வளத் துறைக்குப் போன் பண்ணலாம்" என்றான்.

"பண்ணிட்டேன். தொடக் கூடாதாம். தொட்டா நான் வச்சிக்கிட்டதா அர்த்தமாம்."

"அப்ப விட்டுரு."

"அதைத்தானே எல்லாரும் பண்றாங்க" என்றாள் ஆர்டிஸ்.

அன்றைக்குப் போட்டியின் இரண்டாம் நாள். அவள் தூண்டில் எடுக்காமல், கைவலையும் பனிக்கட்டிப் பெட்டியும் மட்டும் எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள். போட்டிப் படகுகளுக்குப் பின்னால் மெல்லப் போனாள். மிதந்துகொண்டிருந்ததில் இன்னும் உயிர் துடித்த ஆறு மீன்களை வலையால் அள்ளினாள். பட்டப்பகல், நூறு பேர் பார்க்கத்தான் அள்ளினாள். பிறகு டேரலின் விடுதிக்கு எதிரே இருந்த பொதுப் படகுத்துறைக்கு வந்து, மீன் கழுவும் மேடையில் முதல் மீனைப் போட்டுக் கத்தியைத் தீட்டினாள். கையடக்க அடுப்பைப் பற்றவைத்து, வாணலியில் வெண்ணெய் போட்டாள். உப்பு பிஸ்கட்டைப் பொடித்துப் புரட்டி வறுத்தாள். வாசனை படகுத்துறை முழுக்கப் பரவியது.

டேரல் ஓடிவந்தான். "என்ன ஆர்டிஸ் இது? அது விட்ட மீன்."

"விட்டது நீங்க. சாவுறது அது."

"சட்டம் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதனாலதான் இங்க வந்து வறுக்குறேன். வீட்டுல வறுத்தா யாருக்குத் தெரியும்? போ, கர்ட்டிஸைக் கூப்பிடு. சூடா இருக்கும்போதே வரச் சொல்லு."

கர்ட்டிஸ் மாக்கி அந்த வட்டாரத்தின் மீன்வள அதிகாரி. பள்ளிக்கு ஆர்டிஸின் பேருந்தில் போய் வளர்ந்தவன். அவன் வந்து சேர்ந்தபோது அவள் மேடையருகே நின்றபடி தின்றுகொண்டிருந்தாள். கூட்டம் சேர்ந்திருந்தது. அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"மிஸஸ் ஹாக்லண்ட், இதை எங்க பிடிச்சீங்க?"

"பிடிக்கலை. பொறுக்கினேன். உங்க போட்டிக்காரங்க சிந்தினதை."

"அப்படிச் சொன்னாலும் நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுது. நல்லா கொட்டை எழுத்துல எழுது. ஆறுன்னு போடு, ஒண்ணு வயித்துல இருக்குது."

கர்ட்டிஸ் எழுதினான். மீதி ஐந்தையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டான். போகும்முன் குரலைத் தாழ்த்தி, "அபராதத்தைத் தபால்ல கட்டிட்டா இதோட முடிஞ்சிரும்" என்றான்.

"முடியக் கூடாது கர்ட்டிஸ். அதுக்குத்தான் இவ்வளவும்."

வழக்கு செப்டம்பரில் வந்தது. வெண்டல் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அவளை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனான். வாகன நிறுத்தத்தில், "கத்தாதே" என்றான். அவள் கத்தவில்லை.

"எடுத்தேன், சந்தேகமே இல்லை" என்றாள் நீதிபதியிடம். "தப்புன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன். நூத்திருபது படகு சேர்ந்து கொன்னா அதுக்குப் பேரு பாதுகாப்பு. நான் ஒண்ணைத் தின்னா அதுக்குப் பேரு குற்றம். எனக்கு இது விளங்கலைங்கம்மா."

நீதிபதி ஒல்லியான, நரைத்த பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"மிதக்கிற மீனை எடுத்துக்கலாம்னு நான் சொல்லிட்டேன்னு வைங்க. நாளைக்கு எல்லார் பெட்டியிலயும் மிதந்த மீன்தான் இருக்கும். பிடிச்ச மீன் ஒண்ணுகூட இருக்காது. அதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

இப்படியொரு கேள்வியை ஆர்டிஸ் எதிர்பார்க்கவில்லை.

"அது சரிதான்" என்றாள் கடைசியில். "அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா நான் கேட்டதுக்கு உங்ககிட்டயும் இல்லை."

அபராதம் விழுந்தது. கூடவே ஓராண்டுக்கு மீன்பிடி உரிமமும் ரத்து. அபராதம் அவளை அசைக்கவில்லை. உரிமம் போனதுதான் உறைத்தது. அந்த மார்கழிக் குளிரில் ஏரி உறைந்து, பனிமேல் குடிசை போட்டு எல்லோரும் துளையிட்டு மீன் பிடித்தபோது, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே சாக்ஸ் தைத்தாள். ஊசியைக் குத்தியதில் கோபம் தெரிந்தது. வெண்டல் ஒருநாள் பக்கத்து வீட்டான் கொடுத்த மீனைக் கொண்டுவந்தான். வறுத்துக் கொடுத்தாள், தான் தொடவில்லை.

அடுத்த ஜூலையில் போட்டி மறுபடி வந்தது. மீனைத் தொடத்தானே தடை, எண்ணத் தடையில்லையே. போட்டி நடந்த இரண்டு நாளும் அதற்கடுத்த மூன்று நாளும் ஆர்டிஸ் கரையோரமாகப் படகில் போய்ச் செத்த மீன்களை எண்ணினாள். மாலையில் படகுத்துறை அறிவிப்புப் பலகையில், வானிலைச் சீட்டுக்குப் பக்கத்தில், சுண்ணக்கட்டியால் எழுதினாள்: 'இன்று, தென்கரையில் மட்டும், 71.' டேரல் அழித்தான். மறுநாள் அவள் இன்னும் பெரிதாக எழுதினாள். மூன்றாம் நாள் அவன் அழிக்க வந்தபோது, அவனுடைய விடுதியில் தங்கியிருந்த அயோவா மாநிலத்துக்காரர் ஒருவர் பலகைமுன் நின்றுகொண்டிருந்தார்.

"இது நிஜமா?" என்று கேட்டார்.

டேரல் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். "தெரியலை" என்றான். அன்று அவன் அழிக்கவில்லை. மறுநாள் விடியலில் தென்கரையோரமாக அவன் படகு தனியாகப் போவதை ஆர்டிஸ் சமையலறையிலிருந்து பார்த்தாள். அவன் நிறுத்தி நிறுத்திப் போனான். கையசைக்கவில்லை, அவளும் அசைக்கவில்லை.

அக்டோபரில் சங்கக் கூட்டம், தேவாலயத்தின் கீழ்த்தள அறையில். ஆர்டிஸ் எழுந்து, வெயில் காலத்தில் போட்டி வேண்டாம், தண்ணீர் குளிர்ந்திருக்கும் ஜூன் முதல் வாரத்துக்கு மாற்றுங்கள் என்றாள். பின்வரிசையில் லைல் பக்ஸ்டட் என்பவன் கைதட்டினான். அளவுக்கு மேல் மீன் வைத்திருந்ததற்காக இரண்டு முறை பிடிபட்டவன்.

"அப்படிப் போடு ஆர்டிஸ்" என்றான். "ஏரி நம்மளது. விதியே வேண்டாம். பிடிச்சதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோவோம்."

அவள் திரும்பினாள். "உட்காரு லைல். உன் ஃப்ரீஸர்ல போன வருஷத்து மீனு ஐஸ் புடிச்சுக் கிடக்குது, உன் பொண்டாட்டியே சொன்னா. நீ திங்கிறதுமில்லை, விடுறதுமில்லை. டேரலாவது விடுறேன்னு நினைச்சுக்கிட்டுக் கொல்றான். நீ எதையும் நினைக்காமலே கொல்றே."

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். லைல் சிவந்துபோய் உட்கார்ந்தான்.

"அப்ப நீ யார் பக்கம்?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"பசிக்குப் பிடி. பசி தீர்ந்தா தூண்டிலைச் சுருட்டு. பெரிய பொட்டை மீனா வந்தா விட்டுரு, அது முட்டை போடட்டும். ஆழத்துல இருந்து வர்றதை விட்டாலும் பிழைக்காது, அதனால அங்க தூண்டில் போடவே போடாதே. இதுக்கு என்ன பக்கம்னு பேர் வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை."

எல்லோரும் டேரலைப் பார்த்தார்கள். தலைவன் எதிர்த்தால் தீர்மானம் நிற்காது. டேரல் எழுந்தான்.

"எனக்கு இவ பண்ணது பிடிக்கலை" என்றான். "என் வாசல்ல வந்து மீன் வறுத்ததை நான் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா தென்கரையை நான் போய்ப் பார்த்தேன். அவ எழுதினது கம்மி."

பத்தொன்பது ஓட்டுக்குப் பதினாறு. போட்டி ஜூனுக்கு மாறியது. அடுத்த ஆண்டு படகுகளும் குறைந்தன, வெயில்கால விடுமுறைக்காரர்கள் வரவில்லை. டேரலின் விடுதியில் சில அறைகள் காலியாகக் கிடந்தன. அதற்கும் அவன் ஆர்டிஸைத்தான் திட்டினான், ஆனால் தேதியை மறுபடி மாற்றவில்லை. ஜூனில் கரையில் ஒதுங்கிய மீன்கள் நான்கு.

மாநிலத்தின் விதி அப்படியேதான் இருக்கிறது. ஜூலையில் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் நாள் முழுக்கப் பிடித்து விடலாம், ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆர்டிஸ் மீன்வளத் துறைக்கு எழுதுகிறாள், மாதம் ஒரு கடிதம். வெயில் மாதங்களில் வால்ஐ பிடிப்பதையே முழுசாக நிறுத்துங்கள், எனக்கும் சேர்த்து நிறுத்துங்கள் என்று. விடுதிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கர்ட்டிஸ் அவளிடம் சொல்லிப் பார்த்தான்.

"உங்க கடிதத்தை எல்லாம் ஒரு கோப்புல போட்டு வச்சிருக்காங்க, மிஸஸ் ஹாக்லண்ட். யாரும் படிக்கிற மாதிரி தெரியலை."

"கோப்பு தடிமனாகட்டும்" என்றாள் அவள். "தூக்க முடியாம ஒருநாள் கீழே போடுவாங்க. அப்ப படிப்பாங்க."

வெண்டல் அந்த மாதக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தான்.