ஒரு சில்லு

பாகாயத்தில் எங்கள் தெருவுக்கு மூன்று சக்கர வண்டியோடு குப்பை வாங்க வருவார் அந்த அம்மா. புடவைக்கு மேல் பச்சைக் கோட்டு, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் உரக் கொட்டகையில் குப்பையைத் தரம் பிரிப்பதும் அவர்தான். ஒவ்வொரு வீட்டு வாளியையும் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, இன்னிக்கி முருங்கக்கா கொழம்பா?" என்று கேட்காமல் நகரமாட்டார்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், உடைந்த கண்ணாடி டம்ளரை அப்படியே காய்கறித் தோலோடு போட்டுவிட்டேன். மறுநாள் அவர் வந்தபோது வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தார். என் டம்ளர்தான் கிழித்திருக்க வேண்டும். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏம்மா, வீட்ல யாருக்காச்சும் கால்ல குத்திச்சா?" என்றார்.

"இல்லைங்க. உங்க கை..."

"அது ஆறிடும். தோல பாத்ததுமே உன் வீட்டு குப்பன்னு தெரிஞ்சிச்சி. டம்ளர சேத்து வெச்சிப் பாத்தேன், ஒரு சில்லு கம்மியா இருந்திச்சி. குப்பைய பூரா கிளறிட்டேன், அதுல இல்ல. உன் வீட்லதான் கெடக்கும். கொழந்த தவழ்ற வீடு, நல்லா தேடும்மா."

தேடினேன். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நகத்தளவுக்குக் கிடந்தது. என் மகள் தினமும் தவழ்ந்து போய்க் கைவைக்கும் இடம்.

அதைத் தாளில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்கே ஓடினேன். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "கெடச்சிடிச்சா!" என்று அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ரத்தம் வழியும் விரல்களோடு உட்கார்ந்து, யார் வீட்டு டம்ளரையோ ஒன்றுசேர்த்துப் பார்க்க ஒருவருக்கு எப்படித் தோன்றும்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.