மூன்றாவது காயில்

என் பழைய கார் விட்டுவிட்டு இழுத்து மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியதும் நான் முதலில் குற்றம் சொன்னது என் கணவரைத்தான். நாற்பத்தைந்து வயதில் ஓட்டப் பழகி, படப்பையில் இருக்கும் தன் ஜெராக்ஸ் கடைக்கு ஆசையாய் அதில் போய்வந்தவர். "கிளட்ச்ச மிதிச்சிக்கினே ஓட்டுனா இன்ஜின் இன்னாத்துக்கு ஆவும்?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவர் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். இரண்டு வாரமாக ஷேர் ஆட்டோதான். இனி ஸ்டியரிங்கைத் தொடுவாரா என்பதே சந்தேகமாகிவிட்டது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரகடம் கார் ஃபேக்டரியில் பத்து வருடமாக இன்ஜின் லைனில் நிற்கிற திமிரும் உண்டு.

ஆனால் ஒன்று உறுத்தியது. சமமான ரோட்டில் ஒழுங்காக ஓடும் வண்டி, வேகத்தடையில் ஏறி இறங்கினால் நொண்டியது. கிளட்ச்சுக்கும் வேகத்தடைக்கும் என்ன சம்பந்தம்?

ஞாயிறு காலை தெருமுனை வேகத்தடையில் ஏற்றி இறக்கி, நொண்ட வைத்து, வாசலுக்குக் கொண்டுவந்தேன். அவர் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் பொறி கொடுக்க ஒரு காயில். இன்ஜினை ஓடவிட்டு, காயில்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். உழைக்கிற சிலிண்டர் என்றால் நொண்டல் அதிகமாகும். ஒன்றிலும் இரண்டிலும் அப்படித்தான் ஆனது. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தம் மாறவே இல்லை.

"ஆப்ட்டுச்சு!"

"இன்னா ஆப்ட்டுச்சு?" பேப்பர் கீழே இறங்கியது.

இன்ஜினை நிறுத்தி, இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றினேன். காயில் கெட்டிருந்தால் கோளாறு அதோடு இரண்டாவது சிலிண்டருக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மூன்றிலேயே நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்தால் கோளாறு எங்குமே இல்லை. வேகத்தடையிலும் வண்டி நொண்டவில்லை.

"செரியா பூட்ச்சா?" என்றார். சரியாகிவிட்டது. ஏன் என்று தெரியாமல் எனக்குத்தான் சோறு இறங்காது.

அப்புறம்தான் உறைத்தது. மற்ற கனெக்டர்களைக் கழற்ற லாக்கை அழுத்த வேண்டியிருந்தது. மூன்றாவது மட்டும் தொட்டதும் கையோடு வந்தது. போன மாதம் ஸ்பார்க் பிளக் மாற்றிவிட்டு அந்தக் கனெக்டரை அரைகுறையாக மாட்டியவள் நான். இப்போதுதான் சரியாக உட்கார்ந்திருக்கிறது. லைனில் நான் கனெக்டரை அழுத்திவிட்டு நகர்வேன். அடுத்து நிற்கும் பெண் இழுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் மஞ்சள் புள்ளி வைப்பாள். பத்து வருடமாக அவள் இருக்கிற தைரியத்திலேயே பழகிவிட்டேன். வீட்டில் அவள் இல்லை.

வெட்கமாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "உங்க மேல தப்பே இல்லீங்க. நான்தான் ஒழுங்கா மாட்டல" என்றதைப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து நாலு கனெக்டரையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். உள்ளே போய் என் நெயில் பாலிஷை எடுத்துவந்து, நாலிலும் சிவப்பாக ஒரு புள்ளி வைத்து பானெட்டைச் சாத்தினார்.

"சாவிய குடு. படப்பை வரிக்கும் நான் ஓட்டறேன். நீ வாய மூடிக்கினு வா."

மூடிக்கொண்டுதான் போனேன். வழி நெடுக அவர் கால் கிளட்ச் மேலேயே இருந்தது.